ஒரு வாய் கள்ளுக்காகத் திருச்சுழி வரை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரையிலிருந்து கிளம்பினோம். கிளம்பும்போதே எனக்கு எரிச்சல். எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் யாரோ ஒரு பல் வைத்தியரின் அறையில் காத்துக் கிடந்தபோது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். திராட்சை மது செய்கிற வட்டாரம். அதைச் சுற்றிப் பழம்பெரும் ஊர்கள். ஒரு கணவனும் மனைவியும் சனி ஞாயிறில் ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளைப் பார்த்து, போன இடத்திலெல்லாம் ஒரு கிண்ணம் குடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து வந்து என் மேஜையில் போட்டார்.

"நம்ம பக்கம் பனை இல்லையா, பழைய ஊர் இல்லையா? கள்ளுக்கடையும் திறந்துதானே கிடக்கு. நீயும் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றி எழுது."

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கள்ளுக்குத் தடை இல்லாதிருந்த கொஞ்ச வருஷங்கள். நான் என் ஆயுளில் கள் குடித்ததில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அதான் உன் எழுத்துல ஒரு வேகமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பங்குனி வெயிலில் பஸ்ஸில் வர முடியாது என்று என் மனைவி சுந்தரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வாடகைக்கு ஒரு அம்பாசடர். டிரைவர் சங்கையா அருப்புக்கோட்டைக்காரர். கோயில் குளமெல்லாம் போகிறோமே என்று சுந்தரி பட்டுச்சேலை கட்டி, கழுத்திலும் கையிலும் இருக்கிற நகையையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பட்டுச்சேலை எங்களை எந்தச் சந்தியில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர். வழி நெடுக இரு புறமும் சீமைக்கருவேலம், நடுநடுவே கரி மூட்டம் போட்ட இடங்களில் புகை. ஒன்பது மணிக்குள் வெயிலில் கண் கூசியது. ஊருக்குள் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நடந்தோம். நல்ல பழைய காரை வீடு ஒன்று கண்ணில் பட்டது, பூட்டு. சாவி சிவகாசியில் மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு வீட்டைப் படம் பிடிக்கக் காமிராவைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒருவர் வேகமாக வந்து, "பங்காளி கேஸுக்கா படம் எடுக்கீக?" என்று கேட்டார். இல்லை, பழைமையைப் பார்க்க வந்தோம் என்றேன். "பழைமையை எதுக்குப் பாக்கணும்?" என்றார். காமிராவை உறைக்குள் போட்டு மூடினேன்.

அங்கிருந்து தூத்துக்குடி ரோட்டில் பந்தல்குடி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பழம்பெருமை எதுவும் லாரிகளுக்கு நடுவே தட்டுப்படவில்லை. டீக்கடையில் கள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். கடைக்காரர் சுந்தரியின் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்து உடைத்தார். "கலர் சாப்பிடுங்க. அதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது." ரோஸ் நிறத்தில் சர்க்கரைப் பாகுபோல் ஒரு தண்ணீர். பனை நாட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் பானம் அதுதான்.

திரும்பி வந்து திருச்சுழி ரோட்டில் திரும்பினோம். குண்டாற்றில் மணல்தான் ஓடியது. கோயில் வாசலில் நாங்கள் போய் நிற்பதற்கும், குருக்கள் நடை சாத்திவிட்டுச் சைக்கிளில் ஏறுவதற்கும் சரியாக இருந்தது. "சாயங்காலம் வாங்கோ" என்று சைக்கிளை மிதித்தபடியே சொன்னார். நடுப்பகல், நிழலே இல்லாத ஊர். நான் வாய்விட்டுத் திட்டினேன்.

அப்போதுதான் கடைத்தெருவில் அந்த வீட்டைப் பார்த்தேன். முன்பக்கம் பலசரக்குக் கடை. அதற்குப் பின்னால் கல்தூண் வைத்த முற்றமும், ஒரே மரத்தில் கடைந்த நிலைக்கதவுமாக அருமையான வீடு. கடைக்காரர் சண்முகவேல் அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நான் என் தொழிலுக்கு உரிய கேள்விகளைக் கேட்டேன். வீடு யார் காலத்தது? சொந்தத்தில் கட்டியதா, வாங்கியதா? அண்ணன் தம்பி எத்தனை பேர்? பாகம் பிரிந்துவிட்டதா? இத்தனை பெரிய வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?

ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "நீங்க எந்த ஊரு தம்பி?" என்றார்.

"மதுரை. சும்மா கோயில் பார்க்க வந்தோம்."

"ஆமா ஆமா. கோயில் பாக்கத்தான் வருவாக" என்று சிரித்துவிட்டு, உள்ளே பார்த்து, "ஏளா, மதுரைலருந்து வந்திருக்காக, கோயில் பாக்க!" என்று குரல் கொடுத்தார். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

நிமிஷத்தில் நாற்காலி வந்தது. மேஜை மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பியது. மறுபடியும் கலர். இந்த முறை பச்சை. கொண்டுவந்தது அவர்கள் வீட்டுப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கலாம். மத்தியான வெயிலில் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். தட்டை நீட்டியபோது சிரிக்கவில்லை. என்ன படித்திருக்கிறாய் என்று சுந்தரி கேட்டதற்கு அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "பி.காம். பேரு ராஜேஸ்வரி. சமையலும் எல்லாம் தெரியும்."

"நாளைக்கு எனக்கு..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"உள்ள போ தாயி" என்றார் அம்மா.

பொறுமை போய்விட்டது எனக்கு. "அண்ணாச்சி, கலர் மதுரையிலேயே கிடைக்கும். இந்த ஊர்ப் பனங்கள் கொஞ்சம் குடித்துப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எங்கே கிடைக்கும்?"

அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல மூணு தலைமுறையா அதை ஒருத்தரும் தொட்டதில்லங்க. யாரை வேணும்னாலும் விசாரிச்சுக்கோங்க. வாசம் தெரியாது எங்களுக்கு."

நான் கேட்டது கள். அவர் கொடுத்தது நற்சான்று. சரி, பதனியாவது உண்டா என்றேன். விருந்தாளிக்கு மரத்திலிருந்து இறக்கியதைக் கொடுத்து அனுப்புவோமா என்று அம்மாவுக்கு ஆத்திரமே வந்துவிட்டது. இன்னும் இரண்டு கலர் வந்தன.

ராத்திரி அங்கேயே தங்கச் சொன்னார்கள். அருப்புக்கோட்டையில் அறை போட்டிருக்கிறோம், கோயில் பார்க்க நாளைக் காலை வருகிறோம் என்று சொல்லிக் கழன்றேன். "காலைல வாரீகளா? நல்லது. பலகாரம் இங்கதான்" என்று இருவரும் வாசல் வரை வந்தார்கள். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஊர்க்கோடியில், நரிக்குடி போகும் ரோட்டில், கூரை போட்ட கள்ளுக்கடை இருந்தது. பானைகள் வரிசையாக இருந்தன, ஈ மொய்த்தது, நாலு பேர் ஆளுக்கொரு குவளையோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் காரைக் கண்டதும் நாலு பேரும் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். கடைக்காரர் பானைகளுக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டார்.

"ஒரு குவளை ஊற்றுங்க."

"கள்ளு இல்ல சார்."

"இது என்ன?"

"இது... இருக்கு. ஆனா இந்த ஊருல ஒருத்தரும் குடிக்கிறதில்ல சார். சண்முகவேல் அண்ணாச்சி தெருவுல சுத்தமா கிடையாது."

எழுந்து நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கு நிலைகொள்ளவில்லை, பக்கத்திலிருந்தவர் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று இரவு அருப்புக்கோட்டை அறையில், இந்த வட்டாரமே எனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று சுந்தரியிடம் புலம்பினேன். கலர் குடித்துக் குடித்து வயிறு வேறு பொருமிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணிக்கு முன்பே திருச்சுழி. இந்தத் தடவை நடை திறந்திருந்தது. பிராகாரம் குளிர்ச்சியாக, ஆளரவமில்லாமல் இருந்தது. இந்த இரண்டு நாளில் மனதுக்கு இதமாக இருந்த இடம் அது ஒன்றுதான். தூண்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது, அர்ச்சனைத் தட்டோடு ராஜேஸ்வரி எதிரே வந்து நின்றாள். அழுதிருந்தாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. என்னை விட்டுவிட்டுச் சுந்தரியிடம் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? பொண்ணு பிடிக்கலைன்னு எங்கப்பாகிட்ட இப்பவே சொல்லிர்றீகளா?"

"எந்தப் பொண்ணு? யாருக்கு?"

"நான்தான். உங்க கொழுந்தனாருக்கு."

"எனக்குத் தம்பியே கிடையாதும்மா" என்றேன். "எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை."

"அப்படித்தான் சொல்லுவாகன்னு எங்கம்மா சொல்லுச்சு."

பிறகுதான் விளங்கியது. இந்தப் பக்கத்தில் பெண் எடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் முதலில் இரண்டு பேரைச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்புவார்கள். வருகிறவர்கள் கோயில் பார்க்க வந்தோம் என்பார்கள். வீடு யாருடையது, பாகம் பிரிந்ததா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். வீட்டில் யாராவது குடிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, குடிக்கக் கிடைக்குமா என்று தாங்களே கேட்டுப் பார்ப்பார்கள். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் விசாரிக்க வரும் என்று தரகர் சொல்லி வைத்திருந்தாராம். பட்டுச்சேலையோடு காரில் வந்து இறங்கியது நாங்கள். ஒரு பெண்ணின் பேர் கெட்டுவிடக் கூடாது என்று ஊரே குவளையைக் கீழே வைத்திருக்கிறது.

"சரி, நாங்க அவங்க இல்லை. இதற்கு ஏன் அழறே?" என்றாள் சுந்தரி.

ராஜேஸ்வரி தட்டிலிருந்த வாழையிலையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஹால் டிக்கெட். வங்கி எழுத்தர் வேலைக்கான தேர்வு, இன்றைக்குத்தான், மதுரையில், காலை பத்து மணிக்கு. போன முறை கொஞ்சம் மார்க்கில் தவறிவிட்டது. இந்த ஒரு தடவைதான் என்று சொல்லி அப்பா சம்மதித்திருந்தார். முதல் பஸ்ஸில் அவரே கூட்டிப் போவதாக இருந்தது. நேற்று நாங்கள் காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனதும், பரீட்சை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்த மதுரைக் குடும்பமோ வேலைக்குப் போகிற பெண் ஆகாது என்று தரகரிடம் முன்பே சொல்லிவிட்டவர்கள்.

"அந்தப் பஸ்ஸு போயிருச்சுக்கா. இன்னொரு தடவ எழுத விடமாட்டாக."

நான் கோபமாகத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் தெருவை அடைத்துக் கோலம். உள்ளே கேசரி வாசனை. "அண்ணாச்சி, நான் பத்திரிகைக்காரன். எனக்குத் தம்பி கிடையாது. பெண் பார்க்க வரவில்லை. கோயில் பார்க்கத்தான் வந்தேன். உங்கள் மகளைப் பரீட்சைக்கு அனுப்புங்கள்" என்றேன்.

"பரீட்சை கெடக்கு. நீங்க கோயில்தான் பாக்க வந்தீக. நாங்க ஒண்ணும் கேக்கலையே" என்று கண்ணைச் சிமிட்டினார். "மொதல்ல கை நனைங்க."

கத்தினேன். கத்தக் கத்த அவர் பணிவு கூடியது. வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்திருந்த சுந்தரி, மாப்பிள்ளை வீட்டார் போலவே பேசிவிடலாமா, பரீட்சை எழுதிய பெண்தான் எங்களுக்கு வேண்டும் என்று நான் சொல்கிறேன் என்றாள். பின்னாலேயே வந்து நின்ற ராஜேஸ்வரி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "பொய் சொல்லிட்டுப் போயிருவீக. எங்கப்பா தெனமும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக."

மணி ஏழரை தாண்டிவிட்டது. சுந்தரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு நாளா கள்ளு கள்ளுன்னு உயிரை எடுத்தீங்களே. இப்பப் போய்க் குடிச்சிட்டு வாங்க. ஊர் பாக்கக் குடிங்க."

சங்கையா காரை விரட்டினார். கள்ளுக்கடைக்காரர் மறுபடியும் பானைகளுக்கு முன்னால் வந்து நின்றார். "வேணாம் சார். அந்தப் புள்ள வாழ்க்கை."

"அந்தப் புள்ளைக்காகத்தான்யா கேக்கிறேன். ஊத்து!"

சங்கையா அவரை ஓரமாக அழைத்துப் போய் இரண்டு வார்த்தை சொன்னார். கடைக்காரர் திரும்பி வந்தார். பிறகு பெரிய குவளையாக எடுத்து நிரம்ப ஊற்றினார். முந்தின நாள் மிச்சம் போலிருந்தது. புளித்த மாவைக் கரைத்துக் குடித்தாற்போல் ஒரு புளிப்பு, கூடவே செத்த ஈ ஒன்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். குடிக்க முடியாத மிச்சத்தைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். இதற்காகவா மனிதர்கள் வெளிநாட்டில் விடுமுறை எடுக்கிறார்கள் என்று தோன்றியது.

கடைத்தெருவில் இறங்கி நடந்தேன். தள்ளாட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெறும் வயிற்றில் குடித்ததால் அது தானாக வந்தது. கோலத்தை மிதித்துக்கொண்டு படியேறி, அண்ணாச்சியின் முகத்துக்கு நேராக நின்று, "நான் குடிப்பேன். எங்கப்பா குடிப்பார். எங்கள் வீட்டில் எல்லாரும் குடிப்போம்!" என்றேன். சிவபூஜை செய்யாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத என் அப்பா என்னை மன்னிக்கட்டும்.

அண்ணாச்சி இரண்டடி பின்னால் போனார். விபூதிக்குக் கீழே முகம் கறுத்தது. எதிர்க்கடை, பக்கத்துக் கடையெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன.

"வெளிய போங்க" என்றார். அப்புறம் சத்தம் உயர்ந்தது. "குடிகாரக் குடும்பத்துக்கா நான் கேசரி கிண்டுனேன்? ஏ ராஜி! கெளம்புத்தா! இவுகள நம்பியா உன் பரீட்சைய விடச் சொன்னேன்!"

பஸ் இல்லை. பக்கத்துக் கமிஷன் கடையிலிருந்து மிளகாய் லோடு லாரி மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். எங்கள் கார் பின்னாலேயே போனது. மிளகாய் நெடியில் நாங்கள் மூவரும் தும்மிக்கொண்டே வந்தோம். எனக்குத் தலை சுற்றியது. காரியாபட்டிக்கு இந்தப் பக்கம் லாரியின் பின்சக்கரம் வெடித்தது.

மணி எட்டே முக்கால். அண்ணாச்சி ரோட்டில் நின்று வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினார். இரண்டு வண்டி நிற்காமல் போயின. எங்கள் காரை மட்டும் பார்க்கவே இல்லை. ராஜேஸ்வரி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவர் நேராகச் சங்கையாவிடம் போய், ஜன்னலுக்குள் குனிந்து, வாயை ஊதிக் காட்டச் சொன்னார். சங்கையா ஊதினார். "சரி, ஏறுத்தா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, முன்சீட்டில் உட்கார்ந்து என் பக்கம் திரும்பாமலே வந்தார்.

"ஐயா, உண்மையில் நான்..." என்று பின்னாலிருந்து தொடங்கினேன்.

"பேசாம வாங்க. வாடை வருது."

சுந்தரி தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்து ராஜேஸ்வரியின் கண்ணைக் கழுவச் சொன்னாள். மிளகாய் நெடியில் இரண்டு கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. தேர்வு நடந்த பள்ளிக்கூடத்தின் வாசல் கதவில் காவலாளி கைவைத்து நிற்கும்போது போய்ச் சேர்ந்தோம். அவள் இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, எடுக்க நிற்கவில்லை. அவள் உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது.

அண்ணாச்சி அந்தச் செருப்பை எடுத்துத் தூசியைத் தட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சுவரோரம் இருந்த வேப்பமரத்தடியில் நின்றார். எப்போது முடியுமோ அதுவரை நிற்கிற ஆள்போலத் தெரிந்தார். கிளம்பும் முன் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்று இறங்கிக் கிட்டே போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கோபம் அடங்கி, நிமிர்ந்து நின்றார்.

"கொண்டாந்து விட்டதுக்குச் சந்தோசம். ஆனா ஒண்ணு. எம்மக உத்தியோகத்துக்குப் போகப் போறா. அவளுக்கு நான் வேற இடம் பாத்துக்கிடுதேன். உங்க தம்பிகிட்டச் சொல்லிருங்க."

"சொல்லிடுறேன் அண்ணாச்சி" என்றேன்.